பண்டைக் காலப் போர்முறையை அறிய எந்த வியூக விளையாட்டில் தொடங்குவது?

பண்டைக் காலப் போர்களைப் பற்றித் தேடிப் படிப்பவர்களில் கணிசமானோர் பாடநூல் வழியாக அந்த ஆர்வத்துக்கு வந்தவர்கள் அல்லர். கணினித் திரையில் ஒரு யானைப்படை தங்கள் காலாட்படையைச் சிதறடித்ததைப் பார்த்து, "உண்மையிலேயே இப்படித்தான் நடந்ததா?" என்று கேட்டுக்கொண்டு நூல்களிடம் வந்தவர்கள் அவர்கள். அந்தக் கேள்வியைத் தாமும் அடைய விரும்புகிறவர்கள் முதலில் தடுமாறும் இடம், எந்த விளையாட்டை எடுப்பது என்பதுதான். கிடைப்பவை ஏராளம், எல்லாமே வரலாற்றைப் பேசுவதாகச் சொல்லிக்கொள்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் போரின் வேறொரு பகுதியைக் காட்டி, மற்றவற்றை மறைக்கிறது. ஆறு விளையாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, எது எதைக் காட்டுகிறது, எதை மறைக்கிறது, யாருக்கு எது பொருந்தும் என்று இங்கே பார்க்கலாம்.

## எதை வைத்து நிறுப்பது

படத்தின் அழகும் விற்பனை எண்ணிக்கையும் இந்தத் தேர்வுக்கு உதவுவதில்லை. பண்டைப் போரை மற்ற காலத்துப் போர்களிலிருந்து பிரித்துக் காட்டும் மூன்று கூறுகளைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, முறிவு. இரு தரப்பும் கேடயத்தோடு கேடயம் மோதி நின்ற நேரத்தில் விழுந்த உயிர்கள் ஒப்பீட்டளவில் குறைவு. ஒரு தரப்பு அணி குலைந்து புறங்காட்டி ஓடத் தொடங்கிய பிறகோ, ஓடவும் வழியின்றிச் சூழப்பட்ட பிறகோதான் பெரும்படுகொலை நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இராணுவ அதிகாரி ஆர்தான் து பிக் இதைப் பண்டைப் போரின் மையமாகவே கருதினார். ஆகவே ஒரு விளையாட்டில் வீரர்கள் கடைசி ஆள் வரை நின்று சாகிறார்கள் என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் அடிப்படையான ஒன்றைத் தவறவிட்டுவிட்டது.

இரண்டாவது, கட்டளை. கி.மு. 216இல் ரோமானியரை எதிர்த்த கன்னே களத்தில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபால் நடுவணியில் நின்றார். இடப்பக்கத்தில் குதிரைப்படையை நடத்திய ஹஸ்த்ரூபால், எதிரே நின்ற ரோமானியக் குதிரைவீரர்களை முறித்தார். துரத்திக்கொண்டே போய்விடாமல், களத்தின் பின்புறமாகச் சுற்றி மறுபக்கம் வந்து, அங்கிருந்த ரோமின் நேசப்படைக் குதிரைவீரர்களையும் ஓடச் செய்தார். ஓடியவர்களைத் துரத்தும் வேலையைத் தம் தரப்பின் வட ஆப்பிரிக்க நுமிடியக் குதிரைவீரரிடம் விட்டுவிட்டு, ரோமானியக் காலாட்படையின் முதுகில் பாய்ந்தார். கி.மு. 301இல், அலெக்சாந்தரின் பேரரசுக்காக அவருடைய தளபதிகள் மோதிய இப்சஸ் களத்தில் டெமெட்ரியஸும் எதிரியின் குதிரைப்படையை இதே போல முறித்தார்; ஆனால் துரத்திக்கொண்டு வெகுதூரம் போய்விட்டார். திரும்ப முயன்றபோது எதிரணித் தலைவர்களில் ஒருவரான செலூக்கஸின் யானைகள் குறுக்கே நின்றன. களத்தில் தனித்து விடப்பட்ட அவருடைய தந்தை ஆன்டிகோனஸ் அங்கேயே மாண்டார். கி.மு. 217இல் ராஃபியா களத்தில் செலூக்கிய மன்னர் மூன்றாம் அந்தியோக்கஸ் செய்த பிழையும் ஏறத்தாழ இதுவே. ஏவிய படையைத் திரும்ப அழைக்க முடியாது என்பது அக்காலத் தளபதிகளின் நிரந்தர அச்சம். வானத்திலிருந்து களம் முழுவதையும் பார்த்து, ஒரு சொடுக்கில் எந்தப் படையையும் திருப்பிவிட முடிகிற விளையாட்டு இந்த அச்சத்தை நமக்குத் தருவதில்லை.

மூன்றாவது, உணவு. ரோமானியக் காலாள் ஒருவருக்கு மாதம் ஒன்றுக்கு மூன்றில் இரண்டு மெடிம்னஸ் (கிரேக்க முகத்தலளவை) கோதுமை தரப்பட்டது என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ்; அது ஏறத்தாழ 27 கிலோ. 4,200 பேர் கொண்ட, லீஜியன் எனப்படும் ஒரு ரோமானியப் பெரும் படைப்பிரிவுக்கு இது மாதத்துக்கு 113 டன், நாளொன்றுக்கு 4 டன்னுக்குச் சற்றே குறைவு. குதிரைகளின் வாற்கோதுமை இதில் சேரவில்லை. படை எந்த வழியில் போனது, எந்த மாதத்தில் புறப்பட்டது, ஏன் போரைத் தவிர்த்தது என்பனவற்றில் பெரும்பாலானவற்றுக்கு விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இவற்றோடு நடைமுறைக் கேள்விகள் இரண்டைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: விலைச்சீட்டில் தெரியாத செலவு என்ன, விளையாடி முடித்தபின் எவற்றையெல்லாம் மறக்க வேண்டியிருக்கும்.

| விளையாட்டு | முறிவு | கட்டளையின் வரம்பு | உணவு | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் | இல்லை | இல்லை | பெயரளவில் | ஆர்வம் வேகப் போட்டியின் பக்கம் திரும்பிவிடுவது |
| ரோம்: டோட்டல் வார் | நன்று | குறைவு | இல்லை | பிழைகளைத் திருத்த ரசிகர் தொகுப்புகள் |
| இம்பரேட்டர்: ரோம் | எண்களாக மட்டும் | ஓரளவு | மிக நன்று | கற்க ஆகும் நேரம் |
| ஃபீல்டு ஆஃப் குளோரி 2 | மிக நன்று | நன்று | இல்லை | கூடுதல் தொகுப்புகள் |
| ஜீரோ ஏ.டி. | இல்லை | இல்லை | பெயரளவில் | தனியாக ஆடுபவருக்குக் கதைத் தொடர் இல்லாமை |
| கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ் | நன்று | மிக நன்று | இல்லை | எதிரே அமர இன்னொருவர் |

## ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்

1997இல் வெளிவந்த இந்த விளையாட்டு ஒரு தலைமுறைக்கே அசீரியர், ஹிட்டைட்டுகள், பினீசியர் ஆகிய பெயர்களை அறிமுகப்படுத்தியது. 2018இல் வந்த புதுப்பிக்கப்பட்ட பதிப்பு சாதாரணக் கணினியிலும் ஓடும். கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

வரலாற்றுக் காலம் என்ற ஒன்று இதில் கிடையாது. ஹிட்டைட்டுகளும் பண்டை ஜப்பானின் யமாட்டோவினரும் ஒரே வரைபடத்தில் போரிடுவார்கள்; இருவருக்கும் இடையே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி உண்டு. கேடயமும் ஈட்டியும் ஏந்திய கிரேக்க ஹாப்லைட் வீரனை மேம்படுத்தினால் அவன் ஃபாலங்ஸ் (நெருக்கமான ஈட்டி அணி) வீரனாவான், மேலும் மேம்படுத்தினால் செஞ்சூரியனாகிவிடுவான். செஞ்சூரியன் என்பவன் ரோமானியப் படையில் ஒரு பிரிவை நடத்திய அதிகாரி; கிரேக்கக் காலாளின் உயர்ந்த வடிவம் அல்லன். நம் அளவுகோல்களில் முறிவும் கட்டளையும் இங்கே அறவே இல்லை. பெர்ரிப் பழம் பறித்துச் சேர்ப்பதை உணவு வழங்கல் என்று சொல்லவும் முடியாது.

இருந்தும் இதை நான் ஒதுக்கிவிட மாட்டேன். பத்துப் பன்னிரண்டு வயதுள்ள ஒரு பிள்ளைக்கு முதலில் தேவைப்படுவன பெயர்கள்தாம். பெயர் தெரிந்தால்தான் பிறகு நூலில் அதைக் கண்டதும் கண் நிற்கும். இதன் உண்மையான செலவு வேறிடத்தில் இருக்கிறது: பிறரோடு இணையத்தில் போட்டியிடத் தொடங்கியதும், எத்தனை நொடியில் அடுத்த யுகத்துக்குப் போவது என்பதே ஒரே அக்கறையாகி, பண்டைக் காலம் வெறும் பின்னணித் திரையாகிவிடுகிறது.

## ரோம்: டோட்டல் வார்

இந்த வரிசையில் அதிகம் பேசத்தக்கது இதுவே. பண்டைப் போர்முறை குறித்த பொது ஆர்வத்தை இதைவிட அதிகமாகத் தூண்டிய விளையாட்டு வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 2004இல் இது விற்பனைக்கு வருவதற்கு முன்பே, 2003இல் பிபிசி ஒளிபரப்பிய 'டைம் கமாண்டர்ஸ்' நிகழ்ச்சி இதன் மென்பொருளைக் கொண்டு பண்டைப் போர்களை மீண்டும் நடத்திக் காட்டியது.

கி.மு. 270 முதல் கி.பி. 14 வரையிலான காலத்தை இது எடுத்துக்கொள்கிறது. வரைபடத்தில் நகரங்களையும் படைகளையும் முறைவாரியாக நகர்த்த வேண்டும். இரு படைகள் சந்தித்தால் ஆயிரக்கணக்கான வீரர்கள் நிற்கும் களத்துக்குள் இறங்கலாம். முறிவு இங்கே கண்முன்னே நடக்கிறது. களைத்த படை, பக்கவாட்டில் தாக்கப்பட்ட படை, தளபதியை இழந்த படை ஆகியவற்றின் கொடி வெண்மையாகத் துடிக்கத் தொடங்கும். சில நொடிகளில் ஒரு பிரிவு ஓட, அதைப் பார்த்து அடுத்த பிரிவும் ஓடும். ஓடுகிறவர்களைக் குதிரைப்படை வெட்டிச் சாய்க்கும்போது, இழப்புக் கணக்கு திடீரென ஏறுவதைக் காணலாம். கன்னேயில் மாண்ட ரோமானியத் தரப்பினரின் எண்ணிக்கையை ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி ஏறத்தாழ 48,000 என்றும் பொலிபியஸ் ஏறத்தாழ 70,000 என்றும் தருகிறார்கள். ஒரே நாளில் இது எப்படி நடந்திருக்கும் என்ற கேள்விக்கு, இந்த விளையாட்டு ஏட்டு விளக்கத்தைவிடத் தெளிவான விடையைத் தருகிறது.

திரசிமீன் ஏரி, கார்ஹே, டியூட்டோபர்க் காடு போன்ற புகழ்பெற்ற மோதல்களைத் தனியாகவும் ஆடலாம். கார்ஹேயில் பார்த்தியக் குதிரை வில்லாளிகளை லீஜியன்களால் நெருங்கவே முடியாமல் தவித்த ஒருவர், ரோமானியத் தளபதி கிராஸஸ் ஏன் அங்கே போனார் என்று தேடாமல் இருக்கமாட்டார்.

மறக்க வேண்டியவற்றின் பட்டியலும் நீளமானதுதான். இதில் வரும் எகிப்தியப் படை பல நூற்றாண்டுகள் முந்தைய புதிய பேரரசுக் கால ஓவியத்திலிருந்து இறங்கி வந்ததுபோலத் தேர்களோடு நிற்கிறது, கி.மு. 270இல் எகிப்தை ஆண்டவர் இரண்டாம் தாலமி, அவருடைய படையோ மாசிடோனிய முறையில் நீண்ட ஈட்டி ஏந்தியது. ரோம் மூன்று குடும்பங்களாகப் பிரிந்து தனித்தனியே நாடு பிடித்தது என்பதும் கற்பனை. ரோமானியத் தளபதி மாரியஸின் படைச் சீர்திருத்தம் ஒரே நாளில் நடந்த மாற்றமாக வருகிறது. இன்றைய ஆய்வாளர்கள் பலர் அப்படியொரு ஒற்றைச் சீர்திருத்தம் நடந்ததா என்றே ஐயுறுகிறார்கள். நாள் முழுதும் நீடித்திருக்கக்கூடிய மோதல் கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கட்டளைக்கும் வரம்பில்லை, பழைய பதிப்பில் தளபதியின் அருகிலேயே பார்வையைக் கட்டிப்போடும் கேமராத் தேர்வு ஒன்று உண்டு, அதை இயக்கி ஒருமுறையாவது ஆடிப் பாருங்கள். தன் படையின் மறுமுனையில் என்ன நடக்கிறதென்றே தெரியாமல் நிற்கும் நிலை அப்போதுதான் புரியும்.

இந்தப் பிழைகளே இதன் பலமும் ஆயின என்று நான் நினைக்கிறேன். எகிப்தியத் தேர்களைக் கண்டு சினந்த ரசிகர்கள், கி.மு. 272இல் தொடங்கும் 'யூரோப்பா பார்பரோரம்' என்ற திருத்தத் தொகுப்பை ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கினார்கள். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் அதில் எழுதப்பட்ட வரலாற்றுக் குறிப்புகள் பலரை மூலநூல்களிடம் கொண்டு சேர்த்தன. தவறே செய்யாத விளையாட்டு ஒருவேளை இத்தனை பேரைப் படிக்க வைத்திருக்காது.

செலவைப் பொறுத்தவரை, 2021இல் வந்த புதுப்பிக்கப்பட்ட பதிப்பு பெரிய திரைகளுக்கு ஏற்றது. ஐபேடுக்கு 2016இலும் ஆண்ட்ராய்டுக்கு 2018இலும் வந்த பதிப்புகள் ஒருமுறை விலை கொடுத்தால் போதுமானவை. ஆனால் ரசிகர் திருத்தங்கள் கணினியில்தான் இயங்கும். 2013இல் வந்த இரண்டாம் பாகம் படத்தில் மேம்பட்டது, வெளிவந்தபோது இருந்த கோளாறுகளும் பெருமளவு சரிசெய்யப்பட்டுவிட்டன. ஆயினும் அதன் நாடுகளும் படையெடுப்புகளும் பல தொகுப்புகளாகப் பிரித்து விற்கப்படுவதால், மொத்தச் செலவு அடிப்படை விலையைத் தாண்டிப் போய்விடும். எல்லாவற்றையும் முன்கூட்டியே வாங்கிக் குவிக்காமல், ஆர்வம் எந்தப் போரின் பக்கம் போகிறதோ அந்தத் தொகுப்பை மட்டும் தள்ளுபடிக் காலத்தில் வாங்குவது அறிவுடைமை.

## இம்பரேட்டர்: ரோம்

களத்தையே காட்டாத போர் விளையாட்டு இது. அலெக்சாந்தரின் தளபதிகள் அவருடைய பேரரசைப் பங்கிட்டுக்கொண்டிருந்த கி.மு. 304இல் தொடங்கி, கி.மு. 27 வரை நீளும் இதில், மேற்கே ஐபீரியாவிலிருந்து கிழக்கே மௌரியப் பேரரசு வரை அனைத்தும் ஒரே வரைபடத்தில் உள்ளன. படைகள் சந்தித்தால் எண்கள் ஓடும். நாம் முன்கூட்டியே தேர்ந்த அணிவகுப்பும் உத்தியும் தளபதியின் திறனும் சேர்ந்து முடிவைத் தரும். இந்திய நாடுகளுக்கு உரிய உத்திகளில் பத்மவியூகமும் ஒன்று என்பது தமிழ் வாசகருக்குச் சிறு மகிழ்ச்சி தரலாம்.

இதன் சிறப்பு உணவுதான். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தானியச் சேமிப்பு உண்டு. படை தன்னோடு குறிப்பிட்ட அளவே சுமந்து செல்லும். அது தீர்ந்தால் எதிரியைக் காணாமலேயே ஆட்கள் குறைவார்கள். 2021இல் வந்த 2.0 பதிப்புக்குப் பின், பெரும்பாலான படைகள் குடிமக்களிலிருந்து திரட்டப்படுபவை; போர் நீண்டால் நாட்டின் உழைப்பே நின்றுபோகும். ஹன்னிபாலை நேரில் சந்திக்க மறுத்து, அவருடைய உணவு தேடும் கூட்டங்களை மட்டும் தொல்லைப்படுத்திய ரோமானியத் தளபதி ஃபேபியஸ் மாக்சிமஸ் கோழையல்லர் என்பது இதை ஆடுகிறவருக்கு யாரும் சொல்லாமலே விளங்கும்.

இதன் செலவு நேரம். முதல் பத்து மணி நேரம் பெரும்பாலும் பட்டன்களையும் பட்டியல்களையும் புரிந்துகொள்வதில் கழியும். 2019இல் வெளியான இதன் வளர்ச்சிப் பணியை நிறுவனம் 2021இல் நிறுத்திவிட்டது. 'இன்விக்டஸ்' என்ற ரசிகர் தொகுப்புதான் இன்று இதைத் தாங்கி நிற்கிறது. நாடாளும் அரசியலில் ஆர்வமுள்ளவருக்கு இது பொருந்தும். யானைகள் ஓடுவதைப் பார்க்க வந்தவர் ஒரே நாளில் மூடிவிடுவார்.

## ஃபீல்டு ஆஃப் குளோரி 2

மேசைமேல் சிற்றுருவங்களை வைத்து ஆடும் விதிமுறைகளிலிருந்து பிறந்த இந்த 2017ஆம் ஆண்டு விளையாட்டு, தோற்றத்தில் எளியது. சற்றே பழையதாகக்கூடத் தெரியும். போர்க்களத்தின் இயக்கத்தை மட்டும் கேட்டால், கணினி விளையாட்டுகளில் என் முதல் வாக்கு இதற்கே.

ஒவ்வொரு படைப்பிரிவும் உறுதி, குலைவு, சிதைவு, ஓட்டம் என்ற நான்கு நிலைகளின் வழியே இறங்குகிறது. எதிரியை ஓடச் செய்த பிரிவு பெரும்பாலும் தானாகவே துரத்திப் போய்விடும். அது திரும்பும் வரை அதன்மேல் நமக்கு அதிகாரம் இல்லை. டெமெட்ரியஸின் நிலை என்னவென்று இரண்டாவது ஆட்டத்திலேயே தெரிந்துவிடும். நீண்ட ஈட்டிப்படை சமதளத்தில் நேருக்கு நேர் எதையும் தள்ளிச் செல்லும். கரடுமுரடான நிலத்தில் கால் வைத்ததும் அதன் வலிமை குன்றும். எத்தனை பேர் செத்தார்கள் என்பதைவிட, படையில் எத்தனை விழுக்காடு ஓடிவிட்டது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கிறது.

அடிப்படை விளையாட்டு கி.மு. 280 முதல் கி.மு. 25 வரையிலான படைகளைக் கொண்டது. அலெக்சாந்தரோ பாரசீகமோ வேண்டுமானால் தனித் தொகுப்பு வாங்க வேண்டும். அவற்றை அடுக்கிக்கொண்டே போனால் செலவு கூடும். ஒரு போருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். இணையத்தில் ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் நகர்த்தி ஆடும் வசதி இருப்பதால், நேரம் குறைந்தவருக்கும் இது கைகொடுக்கும். ஏற்கெனவே ஓரளவு படித்தவருக்கே இதன் நுட்பம் சுவைக்கும். முதல் அறிமுகமாக இதைத் தருவது, பசியே எடுக்காதவருக்கு விருந்து பரிமாறுவதாகிவிடும்.

## ஜீரோ ஏ.டி.

இது முற்றிலும் இலவசம். தன்னார்வலர்கள் உருவாக்கிய, 2009 முதல் திறமூலமாக (மூல நிரல் அனைவருக்கும் திறந்ததாக) இருக்கும் இந்த விளையாட்டு, ஆட்ட முறையில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் உறவினர். ஆகவே முறிவும் கட்டளை வரம்பும் இதிலும் இல்லை. ஆனால் உழைப்பின் கவனம் வரலாற்றில் தெரிகிறது. ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, கார்த்தேஜ், பாரசீகம், மௌரியர், குஷ் முதலியோரின் படைகளுக்கு அவரவர் மொழிப் பெயர்களே தரப்பட்டுள்ளன. விறகு வெட்டும் அதே குடிமகன் ஈட்டியெடுத்துப் போருக்கும் போவான். கிரேக்க நகர அரசுகளின் படை அடிப்படையில் உழவர் படைதான் என்பதை இந்த ஒரே விதி உணர்த்திவிடுகிறது. பெரிய ஆட்டங்களில் வேகம் தொய்வடைவதும், கதையாகத் தொடரும் படையெடுப்புகள் இல்லாததும் குறைகள். பணம் செலவிடுவதற்கு முன் தம் ஆர்வத்தைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

## கமாண்ட்ஸ் அண்ட் கலர்ஸ்: ஏன்ஷியன்ட்ஸ்

கணினியே வேண்டாம் என்பவருக்கான பலகை விளையாட்டு இது. ரிச்சர்ட் போர்க் வடிவமைத்து 2006இல் வெளிவந்தது. களம் இடம், நடு, வலம் என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கையிலுள்ள அட்டை எந்தப் பகுதியை அனுமதிக்கிறதோ அங்குள்ள படைகளைத்தான் நகர்த்தலாம். வலப்பக்கம் சரிந்துகொண்டிருக்கும்போது கையில் இடப்பக்க அட்டைகள் மட்டுமே இருக்கும் அவதியில், கட்டளையின் வரம்பு முழுமையாகப் புரிந்துவிடுகிறது. தளபதியின் திறனுக்கேற்ப அட்டைகளின் எண்ணிக்கையும் மாறும். அடிப்படைப் பெட்டியில் ரோமும் கார்த்தேஜும் மோதுகின்றன. விதிகளை அரை மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஒரு போர் ஒரு மணி நேரத்துக்குள் முடியும்.

தொடங்குமுன் நூற்றுக்கணக்கான மரக்கட்டைகளில் ஒட்டிகளை ஒட்டியாக வேண்டும் என்பதைப் பெட்டியின் படம் சொல்லாது. எதிரே அமர ஒருவர் கிடைக்காவிட்டால் அது அலமாரியிலேயே கிடக்கும்.

## எந்தச் சூழலில் எது

வரலாற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத வளர்ந்தவர் ஒருவர், ஒன்றே ஒன்று வாங்குவேன் என்று கேட்டால், ரோம்: டோட்டல் வார் என்று தயங்காமல் சொல்வேன். கணினி இல்லையென்றால் அதன் கைபேசிப் பதிப்பு போதும். பேரரசு முழுவதையும் பிடிக்கும் நெடும் ஆட்டத்தை விட்டுவிட்டு, தனிப் போர்களை மட்டும் ஆடினாலும் பயன் உண்டு. சிறுவர்களுக்கு ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ். செலவழிக்க விருப்பமில்லாதவருக்கு ஜீரோ ஏ.டி. வீட்டில் விளையாட்டுத் துணை இருந்தால் பலகை விளையாட்டை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன், ஏனெனில் தோற்றவரும் வென்றவரும் ஆட்டம் முடிந்ததும் அதைப் பற்றிப் பேசியே தீர்வார்கள். மற்ற இரண்டும் இரண்டாம் கட்டத்துக்கு உரியவை: மனம் களத்தின் நுட்பத்தை நாடினால் ஃபீல்டு ஆஃப் குளோரி 2, களத்துக்கு வெளியே உள்ளதை நாடினால் இம்பரேட்டர்.

நூலுக்குப் போகும்போதும் விளையாட்டைப் பொறுத்தே நுழைவிடத்தைத் தேர்வது நல்லது. கன்னேயை ஆடியவர் பொலிபியஸின் வரலாற்றுப் படைப்பில் மூன்றாம் நூலின் இறுதிப் பகுதியையும், யானைகளுக்கு வழிவிட்டு ரோமானியத் தளபதி சிபியோ படையை நிறுத்திய ஸாமாவை ஆடியவர் பதினைந்தாம் நூலையும் எடுக்கலாம். உணவுக் கணக்கில் சிக்கியவருக்கு ரோமானியப் படையமைப்பை விவரிக்கும் ஆறாம் நூல் ஏற்றது. ஈட்டிப்படையைக் கரட்டு நிலத்தில் இறக்கித் தோற்றவர் பதினெட்டாம் நூலின் 28 முதல் 32 வரையிலான அத்தியாயங்களைப் படித்துவிட்டு, கி.மு. 197இல் நடந்த கைனோஸ்கெஃபாலே போரைத் திரும்ப ஆட வேண்டும். அங்கே பெயர் குறிப்பிடப்படாத ரோமானிய அதிகாரி ஒருவர், மேலிடக் கட்டளைக்குக் காத்திராமல் 20 மேனிப்பிள்களை (சிறு படைப்பிரிவுகளை) பிரித்துக்கொண்டு மாசிடோனிய ஈட்டிப்படையின் பின்புறம் போனார்.